சாதா பிளக் பாயிண்டில் கார் சார்ஜ்: சாட்ஸ்வொர்த்தில் இரண்டு வருஷ அனுபவம்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 2023 நவம்பரில் மின்சார கார் வாங்கினேன். இன்று வரை வீட்டில் தனி சார்ஜர் வைக்கவில்லை. வண்டியோடு கொடுத்த கேபிளை கராஜில் இருக்கும் மூன்று பின் பாயிண்டில் சொருகுவதோடு சரி. டர்பனில் கோயிலில், கல்யாண வீட்டில் யார் பார்த்தாலும் முதலில் கேட்பது, "அது போதுமா தம்பி?" என்றுதான். போதும். ஆனால் அந்த பிளக் பாயிண்டை ஒழுங்காகக் கவனித்தால்தான் போதும், அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் கணக்கு. 230 வோல்ட்டில் கேபிள் 10 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது மணிக்கு 2.3 யூனிட். ஒன்பது மணி நேரம் போட்டால் மீட்டரில் 20 யூனிட் சொச்சம் ஓடும், பேட்டரிக்குள் போவது 18 அளவில்தான், ஏனென்றால் சார்ஜ் ஆகும் நேரமெல்லாம் வண்டியின் கம்ப்யூட்டரும் பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. 18 யூனிட்டுக்கு என் வண்டி 120 கிலோமீட்டர் ஓடுகிறது. எனக்கு டர்பனுக்கு வடக்கே இருக்கும் உம்ஷ்லாங்காவுக்கு வேலைக்குப் போக வர 70தான் ஆகிறது. பெட்ரோல் வண்டிக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் இப்போது செலவு.

இனி பிளக் விஷயம். ஆறாவது மாதம் ஒரு நாள் காலையில் கேபிளைப் பிடுங்கினால் வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததும் கருகல் வாடை அடித்தது, பாயிண்டில் லைவ் ஓட்டையைச் சுற்றி வெள்ளை பிளாஸ்டிக் தேநீர்க் கறை மாதிரி பழுத்துப்போயிருந்தது, பித்தளைப் பின் நிறம் மாறிக் கறுத்திருந்தது. பழைய வீடு, பழைய சாக்கெட், உள்ளே பின்னைக் கவ்விப் பிடிக்கும் தகடு தளர்ந்துவிட்டது. கெட்டிலும் இதே அளவு கரன்ட் இழுக்கிறதே, அதற்கு ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்தேன். கெட்டில் மூன்று நிமிஷத்தில் நின்றுவிடும். கார் ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும், தளர்ந்த இடம் அத்தனை நேரமும் சூடேறிக்கொண்டே இருக்கும்.

அன்றைக்கே எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். வீட்டு பிரேக்கர்கள் எல்லாம் இருக்கும் டிபி போர்டிலிருந்து கராஜுக்கென்று தனியாக 4 எம்எம் வயர் இழுத்து, அதற்குத் தனி பிரேக்கர் போட்டு, புது 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டினார். வயரிங் விதிப்படி இருக்கிறது என்று சொல்லும் சிஓசி சான்றிதழும் எழுதி வாங்கிக்கொண்டேன், வீடு விற்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பிறகு அவசரம் இல்லாத நாட்களில் 8 ஆம்பியரில்தான் வைக்கிறேன். நேரம் கால் பங்கு கூடுகிறது, ஆனால் பின்னில் ஏறும் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் முதுகில் கை வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் தயவுசெய்து போடாதீர்கள், அதுவும் சுருட்டி வைத்தபடி கூடவே கூடாது.

முன்கூட்டியே பணம் கட்டி யூனிட் வாங்கும் ப்ரீபெய்டு மீட்டர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தடவை ராத்திரி இரண்டு மணிக்கு யூனிட் தீர்ந்து வீடே இருண்டுவிட்டது, ஃபிரிட்ஜும் நின்றது, அம்மா டார்ச் பிடிக்க நான் யூனிட் வாங்கினால் கிடைக்கும் 20 இலக்க டோக்கனை மீட்டரில் ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தேன். இப்போது 40 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போடுவதே இல்லை.

லோடு ஷெடிங்கை, அதாவது மின்சாரம் போதாமல் முறை வைத்து நிறுத்துவதைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தினார்கள். 2023, அது ஸ்டேஜ் 6 என்ற கடும் நிலை வரை ஏறிய வருஷம், பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் போனாலும் கரன்ட் வந்ததும் வண்டி தானே தொடர்கிறது, காலைக்குள் தேவையானது ஏறிவிடுகிறது. தொந்தரவு வேறு இடத்தில். கரன்ட் திரும்பிய நொடியில் 3 கிலோவாட் கீசர், அடுப்பு, கார் மூன்றும் ஒன்றாக இழுத்தால் மெயின் ட்ரிப் ஆகிவிடும். அதனால் வண்டியில் டைமர் வைத்து ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் ஆரம்பிக்க விடுகிறேன். 2024 மார்ச் கடைசியில் லோடு ஷெடிங் நின்று, அப்புறம் 2025 ஜனவரி கடைசியில் திரும்பி வந்தது. அப்போதும் இந்த டைமர்தான் காப்பாற்றியது.

போதாமல் போகும் நாளும் உண்டு. பெரிய வெள்ளி அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயில் தீமிதிக்கு அம்மா, சித்தி எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனோம். போக மட்டும் 80 கிலோமீட்டர்தான், ஆனால் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், நாலு பேர், ஏசி, பேட்டரி கண்ணெதிரே இறங்குகிறது. திரும்பும்போது இறக்கத்தில் கொஞ்சம் மீண்டது. அப்படியும் வீடு சேர்ந்தபோது பேட்டரி அடியில்தான் இருந்தது, ஒரு ராத்திரி சார்ஜில் நிரம்பவில்லை. லீவு என்பதால் சமாளித்தேன். அந்த மாதிரி ஓட்டம் தினமும் உள்ளவர்கள் தனி சார்ஜரே வைத்துவிடுங்கள். என்னைப் போல தினம் 70, 80 ஓடுகிறவர்கள் அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து நல்ல வயருக்கும் புது சாக்கெட்டுக்கும் கொடுங்கள், அதுவும் வண்டி வீட்டுக்கு வரும் முன்பே.