பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்: குமரி மாவட்டத்துக்குச் சரிப்படுமா?

குமரி மாவட்டத்தில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்களில் பலர் தேவாலயப் பாடகர் குழுக்களில் கை பழகியவர்கள். வெளிநாட்டில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களின் வீட்டு மாடியறைகளில் அவ்வப்போது பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று தலைகாட்டுவதும், அதை வாங்கலாமா என்ற கேள்வி இவர்களைச் சுற்றி வருவதும் வழக்கம். 1970-களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தயாரான ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப் ஒன்று மார்த்தாண்டத்துக்கு அருகிலுள்ள ஒரு வீட்டிலிருந்து என்னிடம் வந்து, இப்போது நாகர்கோவிலில் ஒழுங்காகப் பாடிக்கொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, இத்தகைய ஆம்பை நம் ஊரில் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம்: இதில் நாம் விலை கொடுத்து வாங்குவது இரும்பு ட்ரான்ஸ்ஃபார்மர்களையும் பைன் மரப் பெட்டியையும் மட்டுமே, மற்றவை தேயும் பொருள்கள். ஆகவே, “திறந்தே பார்த்ததில்லை, எல்லாம் ஒரிஜினல்” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், அதை விலையைக் குறைப்பதற்கான காரணமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் வயதைப் பார்ப்போம். ஃபெண்டர் நிறுவனத்தை அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1965 ஜனவரியில் வாங்கியது. 1967 வரை வந்தவற்றின் முகப்புப் பட்டை கறுப்பாகவும், அதன்பின் 1980-களின் தொடக்கம் வரை வந்தவற்றில் பெரும்பாலானவற்றின் பட்டை வெள்ளி நிறத்திலும் இருக்கும். சேகரிப்பாளர்கள் கறுப்புப் பட்டைக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். டீலக்ஸ் ரிவெர்ப்பைப் பொறுத்தவரை, பெரிய மாடல்களில் செய்த அளவுக்குச் சர்க்யூட்டில் மாற்றம் செய்யப்படாததால், வாசிப்பவருக்கு வெள்ளிப் பட்டையே போதும். ட்ரான்ஸ்ஃபார்மரில் 606 என்று தொடங்கும் குறி ஷூமாக்கர் நிறுவனத்தைக் குறிக்கும். அடுத்த இலக்கம் ஆண்டின் கடைசி எண், அதற்கடுத்த இரண்டும் வாரம். ஆண்டுக்கு ஒரே இலக்கம் என்பதால் 1974-ஐ 1964 என்று சொல்லி விற்க இடமிருக்கிறது. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 137 என்று தொடங்கும் ஏழிலக்கக் குறி இருந்தால், நடுவிலுள்ள இரண்டு இலக்கங்கள் ஆண்டை ஐயமின்றிச் சொல்லிவிடும். இந்த ஆராய்ச்சியில் அதற்குமேல் நேரம் செலவிட வேண்டியதில்லை.

நேரம் செலவிட வேண்டிய இடம் உள்ளே இருக்கிறது. இந்த ஆம்பில் பவர் பகுதிக்கு இரண்டு 6வி6, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்கு ஒன்று, முன்பகுதிக்கும் எதிரொலி தரும் ரிவெர்ப்புக்கும் 12ஏஎக்ஸ்7, 12ஏடி7 வகையில் ஆறு என மொத்தம் ஒன்பது வால்வுகள் உண்டு. வாங்குவோர் எல்லோரும் முதலில் கவலைப்படுவது இந்த வால்வுகளைப் பற்றித்தான்; உண்மையில் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் இவற்றைப் பற்றித்தான். ரஷ்யாவின் சரத்தோவிலும் ஸ்லோவாக்கியாவின் சாட்சாவிலும் இன்றும் இவை தயாராகின்றன. வரவழைக்கச் சில நாள் ஆகுமே தவிர, கிடைக்காமல் போகாது. கவலை, மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டென்சர்கள் பற்றியதாக இருக்க வேண்டும். பவர் சப்ளையிலுள்ள எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் உள்ளே காய்ந்துவிடும் என்பதை வைத்துப் பார்த்தால், ஐம்பது வயதான ஒன்று இன்னும் வேலை செய்வது தற்செயலே. உலோகச் சட்டமான சேசிஸின் மேல் கவிழ்த்திருந்த தகர மூடியைக் கழற்றியபோது, உள்ளே வரிசையாகப் படுத்திருந்த 16 மைக்ரோஃபாரட் கண்டென்சர் குழல்கள் ஐந்தில் இரண்டின் முனையில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தது. கோட்டாறு பக்கம் வால்வு ரேடியோ காலத்திலிருந்து பழுது பார்த்துவரும் பெரியவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “இது செத்தாச்சு தம்பி, இத வச்சிக்கிட்டு கரண்டு குடுக்கக்கூடாது கேட்டேளா” என்றார். ஐந்தையும், பவர் வால்வுகளின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பயஸ் பகுதியிலுள்ள சிறிய கண்டென்சரையும் மாற்றிய பிறகே மின்சாரம் கொடுத்தோம். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதையும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது கண்டென்சரில் தங்கியிருக்கும் என்பதையும் மறந்துவிட்டு யாரும் கை வைக்கக் கூடாது.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு பிரச்சினை, உதிரிகள் பற்றவைக்கப்பட்டிருக்கும் கறுப்பு ஃபைபர் பலகை. மெழுகில் தோய்த்து எடுத்த இந்தப் பலகை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் தானே லேசாக மின்கடத்தியாக மாறிவிடும். தொடர்பே இல்லாத இரண்டு புள்ளிகளுக்கு இடையே மின்சாரம் கசிந்து, பொரிவது போன்ற சத்தமும் காரணம் தெரியாத இரைச்சலும் வரும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நனைக்கிற ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைச் சேசிஸிலும் சிவப்பு முனையை உதிரி எதுவும் இல்லாத வெறும் பலகையிலும் வைத்துப் பார்த்தால், அங்கே பூச்சியமே காட்ட வேண்டும். சில வோல்ட் காட்டினால் பலகை ஈரம் குடித்திருக்கிறது என்று பொருள். முடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடேற்றி ஈரத்தை வெளியேற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மார்ச் மாத வெயிலில் அமைதியாக இருக்கும் ஆம்ப் ஜூனில் பொரியத் தொடங்கலாம் என்பதால், வாங்குவதற்கு மழைக்காலத்தில் போய்ப் பார்ப்பதே நல்லது என்பேன்.

அதே ஈரம் ஸ்பீக்கர் பொருத்தப்பட்டிருக்கும் முன்பலகையையும் விட்டுவைப்பதில்லை. பெட்டி பைன் மரமானாலும் இந்தப் பலகை மரத்தூளை அழுத்திச் செய்தது. ஈரம் ஏறினால் உப்பிப் பொடிந்து, திருகாணி பிடிக்காமல் போகும். பின்பக்கம் கையை விட்டு ஓரங்களை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களிலிருந்து வருவதாக இருந்தால், உப்புக்காற்றில் வால்வு சாக்கெட்டுகளின் உலோகப் பிடிகள் கறுத்திருக்கின்றனவா என்பதையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் கோன் கிழிந்து, மைக் செட் கடையில் மாற்றுக் கோன் கட்டியிருந்தால் விலையில் பேசலாம்; பொது அறிவிப்புக்கான தடித்த கோனும் கனமான கம்பிச்சுருளும் கிட்டாரின் மென்மையை விழுங்கிவிடும். அதைவிட, புதிய 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் வாங்கிப் போடுவதே மேல். எட்டு ஓம் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் ஆம்பை ஆன் செய்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

இனி மின்சாரம். அமெரிக்காவில் விற்ற ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. ஆகவே உள்ளிருக்கும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் இங்கே சற்றுக் கூடுதலாகச் சூடாகும். ஒரு மணி நேரம் ஓடிய பின் கை வைக்க முடியாத சூடோ கருகும் வாடையோ இருந்தால் வாங்க வேண்டாம். பல வோல்ட்டேஜ்களுக்கான தேர்வுச் சுவிட்ச் உள்ள ஏற்றுமதி மாடல் கிடைத்தால், அதற்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. மின்சாரம் ஏறி இறங்குவதும் கணக்கில் வர வேண்டும். பாதியாகக் குறைக்கும் ஸ்டெப் டவுனில், மாலை நேரத்தில் வீட்டு மின்சாரம் 190-க்கு இறங்கினால் ஆம்புக்குக் கிடைப்பது 95 வோல்ட், 6.3 வோல்ட் வேண்டிய வால்வு ஹீட்டருக்கு 5 வோல்ட்தான் போய்ச் சேரும். 255-க்கு ஏறினால் அதுவே 6.7 ஆகும். எனவே ஸ்டெப் டவுனுக்கு முன்னால் நல்ல ஸ்டெபிலைசர் அவசியம். கேரல் சுற்றுக்கு வேனில் ஏற்றி ஜெனரேட்டரில் ஓட்டுவதற்கு இது உகந்த பொருள் அல்ல என்பது என் தீர்மானமான கருத்து.

கடைகளில் கிடைக்கும் மலிவான ஸ்டெப் டவுன்களில் பல ஒரே சுற்றில் நடுவே இணைப்பு எடுத்தவை. அவற்றில் மின்பிரிப்பு, அதாவது வீட்டு மின்சாரத்திலிருந்து ஆம்பைத் தனியே பிரித்துவைக்கும் ஏற்பாடு, கிடையாது. வெளிவரும் சாக்கெட்டில் எர்த் துளை இல்லாதவையும் உண்டு. பழைய ஆம்ப்களிலோ, மெயின்ஸின் ஒரு கம்பியிலிருந்து சேசிஸுக்குச் செல்லும் கண்டென்சர் ஒன்று கிரவுண்ட் சுவிட்ச்சோடு சேர்ந்திருக்கும். அது ஷார்ட்டாகி, எர்த்தும் இல்லாத நிலையில், கிட்டார் கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு படும் பாடகரின் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. காலணியைக் கழற்றிவிட்டு நிற்கும் பலிபீட முற்றத்தில் ஆபத்து இன்னும் அதிகம். அந்தக் கண்டென்சரை வெட்டி எடுத்துவிட்டு, மூன்று பின் பிளக் உள்ள மின்கயிறு போட்டு, எர்த்தைச் சேசிஸில் தனியாகத் திருகுவதில் எந்த விட்டுக்கொடுத்தலும் கூடாது. பழமை கெட்டுவிடும் என்று தடுப்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

முதன்முறை ஆன் செய்வதற்கு நம் எலக்ட்ரீஷியன்களின் சீரிஸ் போர்டே போதுமானது. வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு, ஸ்டெப் டவுனுக்கு முன்னால் 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து ஆன் செய்தோம். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, பிறகு இழை மட்டும் தெரியும் அளவுக்கு மங்கியது. ட்ரான்ஸ்ஃபார்மர் நலமாக இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் என்று பொருள். பிறகு வால்வுகளைப் பொருத்தி, விளக்கை அணைத்துவிட்டு 6வி6-களைக் கவனிக்க வேண்டும்: உள்ளே இழை ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு, வெளியிலுள்ள சாம்பல் நிறத் தகடே சிவந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். பயஸ் தவறியிருக்கலாம், அல்லது வால்வுகளுக்கு இடையே ஒலியைக் கடத்தும் கப்ளிங் கண்டென்சர் கசியலாம்.

இத்தனைக்கும் பலன் உண்டா என்றால், உண்டு. சுமார் 20 வாட்தான், ஆனால் வால்யூம் நான்கு வரை மணியோசை போலத் தெளிவாக ஒலிக்கிறது. ஐந்தைத் தாண்டியதும், மெல்ல மீட்டினால் சுத்தமாகவும் அழுத்தி மீட்டினால் கரகரப்பாகவும் விரலுக்குக் கட்டுப்பட்டுப் பேசுகிறது. ரிவெர்ப் உண்மையான சுருள்கம்பிகளிலிருந்து வருவது; உயர்ந்த கூரையும் டைல்ஸ் தரையும் உள்ள ஆலயத்தில் இரண்டுக்குமேல் வைத்தால் பாட்டின் சொற்கள் கலங்கிவிடுகின்றன. ‘வைப்ரேட்டோ’ என்று எழுதியிருப்பது உண்மையில் ட்ரெமொலோ. நியான் விளக்கும் ஒளியுணரும் ரெசிஸ்டரும் சேர்ந்து ஒலியளவை ஏற்றி இறக்கும் அந்த ஏற்பாடு மெதுவான பாமாலைகளுக்கு அழகாகப் பொருந்துகிறது. குறையும் உண்டு. நடு ஒலிக்கான குமிழ் கிடையாது, 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று அதை நிலையாகக் கட்டிவிட்டிருக்கிறது. கீபோர்டும் ட்ரம்ஸும் முழங்கும்போது கிட்டார் பின்வாங்கிவிடுவதும், வால்யூமைக் கூட்டினால் பேஸ் தொளதொளப்பதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். பேஸை மூன்றில் நிறுத்தி, முன்னால் ஒரு மைக் வைத்துவிடுவதே நடைமுறைக்கு ஏற்றது.

வீட்டில் மட்டும் வாசிப்பவருக்கு இதுவே அதிகச் சத்தம். ஒற்றை 6வி6-இல் ஓடும் ஃபெண்டரின் சிறிய சாம்ப் ஆம்ப் போதும், பழுது பார்க்கவும் எளிது. ஸ்டெப் டவுனே வேண்டாம் என்பவர்கள் பிரிட்டனில் தயாரான வாக்ஸ் ஏசி30-ஐத் தேடலாம். அதன் நான்கு இஎல்84 வால்வுகளை பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸும் ஒரு காலத்தில் தயாரித்தது. பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் பெட்டிகளில் இன்னும் சில அகப்படக்கூடும். ஆனால் அதன் எடை முப்பது கிலோவைத் தாண்டும், வெப்பமும் அதிகம். டீலக்ஸ் ரிவெர்ப்பை இருபது கிலோவுக்குள் ஒருவரே தூக்கிவிடலாம். விலை பேசும்போது கண்டென்சர், மூன்று பின் கயிறு, ஸ்டெப் டவுன், ஸ்டெபிலைசர், மெக்கானிக் கூலி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கூட்டி, கேட்கும் விலையிலிருந்து அதைக் கழித்துக் கேளுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர்களில் ஒன்றாவது மாற்றப்பட்டிருந்தால், அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வேறு ஆம்பைத் தேடலாம்.