புள்ளியை அளந்து பார்த்தல்: இமேஜ்ஜே, சாம்பல் அட்டை, பழைய ஸ்கேனர் – நீண்ட காலப் பாவனையில்

கலியாணப் படம் எடுப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "உங்கட கமராவில ஐஎஸ்ஓ எவ்வளவுக்குப் போகலாம்?" ஐஎஸ்ஓ என்பது கமராவின் ஒளி உணர்திறன்; கூட்டக் கூட இருட்டிலும் எடுக்கலாம், ஆனால் நொய்ஸ் என்கிற பொடிப் புள்ளியும் கூடும். ஒருவர் 3200 என்பார், இன்னொருவர் 12800க்கும் பயமில்லை என்பார். இரண்டு பேரும் பார்த்தது மொனிட்டரில், நூறு வீதத்துக்குப் பெருப்பித்து. காசு தருகிறவர்கள் பார்ப்பதோ அல்பத்தை, மடியில் விரித்து வைத்து. மொனிட்டருக்கும் மடிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று அறியத்தான் வெள்ளவத்தையில் என் சிறிய ஸ்டூடியோவில் இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளையும் ஒரு சாம்பல் அட்டையையும் பழைய தட்டை ஸ்கேனர் ஒன்றையும் சில வருடங்களாகப் பாவித்து வருகிறேன். ஆராய்ச்சி நோக்கம் எதுவும் இல்லை. எந்தப் படத்தை எந்த அளவில் அச்சடிக்கக் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும்.

இமேஜ்ஜே அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1990களின் பிற்பகுதியில் பிறந்தது. நுணுக்குக்காட்டியில் செல்களை எண்ணுகிறவர்களுக்காகச் செய்தது என்பதால் தோற்றத்தில் ஒரு கவர்ச்சியும் இல்லை. ஒரு சின்னப் பட்டை, அதில் சில குறிகள், அவ்வளவுதான். ஆனால் மிகவும் இலேசானது. 2022 மின்வெட்டுக் காலத்தில், பெரிய படத்தொகுப்பு மென்பொருள் பட்டரியை மளமளவென்று குடித்துத் தீர்க்க, இதை மட்டும் பழைய லாப்டொப்பில் நிம்மதியாக ஓட்டினேன். இமாடெஸ்ட் போன்ற கட்டண மென்பொருள்கள் இதைவிட நிறையச் செய்யும். என் வருமானத்துக்கு அவை தேவைப்படவில்லை.

நொய்ஸை அளக்கும் முறை இதுதான். சாம்பல் அட்டையை ஒரே சீரான வெளிச்சத்தில் வைத்து, போகஸைக் கொஞ்சம் விலக்கி விடுவேன். இல்லாவிட்டால் அட்டையின் சொரசொரப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒன்றும் மாற்றாமல் அடுத்தடுத்து இரண்டு படம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வும் சென்சரின் நிலையான கோடுகளும் போய், தற்செயலான நொய்ஸ் மட்டும் மிஞ்சும். அதன் நியம விலகலை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) இரண்டின் வர்க்கமூலத்தால் பிரித்தால் ஒரு படத்துக்குரிய அளவு. கழிக்கும்போது 32 பிட் விடையைக் கேட்கும் பெட்டியில் சரி போட வேண்டும். போடாவிட்டால் மறை எண்கள் எல்லாம் பூச்சியமாகி, கமரா உள்ளதைவிட நல்லதாகத் தெரியும்.

இந்த எண்ணை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் கமராவுக்குள்ளேயே உருவாகும் ஜேபெக் படம்தான் எப்போதும் வெல்லும். கமரா நொய்ஸைத் துடைத்து விடுகிறது, நியம விலகல் சட்டென்று இறங்குகிறது. ஆனால் அச்சில் வேறு கதை. ஒரு சாமத்தியவீட்டு அல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் அம்மா ஒரு பக்கத்தில் விரலை வைத்து, "தம்பி, பிள்ளைக்கு முகத்தில தேமல் மாதிரிக் கிடக்குதே" என்றார். "அது லைட்டால வந்தது அன்ரி, வேற பிரின்ட் போட்டுத் தாறன்" என்று சொல்லி அனுப்பினேன். பிறகு அளந்தால், அந்தப் படத்தின் நொய்ஸ் எண் மிகக் குறைவு.

அன்ரி சொன்ன தேமலைப் பிடிக்க இமேஜ்ஜேயில் ஒரு எளிய வழி உண்டு. நாலுக்கு நாலு பிக்சலைச் சேர்த்துச் சராசரியாக்கி, மறுபடி நியம விலகலை அளப்பது. ஒவ்வொரு பிக்சலின் நொய்ஸும் பக்கத்துப் பிக்சலோடு தொடர்பில்லாதது என்றால், பதினாறைச் சராசரியாக்கும்போது அது நாலில் ஒன்றாக இறங்க வேண்டும். உதாரணத்துக்கு 8 இருந்தால் 2 ஆகும். துடைத்த ஜேபெக்கில் முதல் எண் 3 என்று அழகாகத் தொடங்கும், சராசரியாக்கிய பிறகும் ஏறத்தாழ 2இலேயே நிற்கும். மென்பொருள் துடைத்தது பொடிப் புள்ளியை மட்டும்தான். அகலமான திட்டு அப்படியே கிடக்கிறது. மேலே இருந்த பொடியும் போய்விட்டதால் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

பிலிம் காலத்தில் இதே கணக்குக்குச் செல்வின் விதி என்று பெயர். பிலிமை அளக்க ஒளியை விடும் சிறு துளையின் பரப்பு கூடக் கூட, பிலிமின் அடர்த்தியில் (கருமையில்) தெரியும் ஏற்றத்தாழ்வு பரப்பின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் என்று 1935இல் செல்வின் என்ற ஆய்வாளர் காட்டினார். அதனால்தான் கொடாக் தன் பிலிம்களின் கிரெய்னை, அதாவது பொடிமணித் தோற்றத்தைச் சொல்லும்போது 0.048 மில்லிமீட்டர் வட்டத் துளையால் அளந்தது என்று சேர்த்துச் சொன்னது. துளையைச் சொல்லாத கிரெய்ன் எண்ணுக்குப் பொருளில்லை. அந்த அளவில் ட்ரை-எக்ஸ் 400 பிலிமுக்கு 17, டீ-மெக்ஸ் 100 பிலிமுக்கு 8. இன்றைக்கு கமரா விமர்சனங்களில் வருகிற நொய்ஸ் எண்களில் பாதிக்கு மேல் துளையைச் சொல்லாத எண்கள் என்பது என் அபிப்பிராயம்.

கொடாக்கே பிறகு அந்த எண்ணை வர்ண நெகட்டிவ்களுக்குக் கைவிட்டு, பிரின்ட் கிரெய்ன் இன்டெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டு வந்தது. இது பிலிமை அளப்பதில்லை, அச்சைப் பார்க்கிற மனிதரை அளக்கிறது. 14 அங்குலத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது 25 என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் எல்லை. 4 அலகு வித்தியாசம் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்வார்கள். 35 மில்லிமீட்டர் போர்ட்ரா 400 வர்ண நெகட்டிவுக்கு 4×6 அங்குல அச்சில் 37, 8×10இல் 58, 16×20இல் 89 என்று தரவுத்தாள் சொல்கிறது. பிலிம் ஒன்றுதான், அச்சின் அளவு மாறும்போது எண்ணும் மாறுகிறது. எங்கள் தொழிலுக்குத் தேவையானது இந்த மாதிரி எண்தான்.

சரி, டிஜிட்டலுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? மனிதக் கண்ணுக்கு மாறுபாட்டை உணரும் திறன் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்கு மூன்று முதல் ஐந்து சுற்று (ஒரு வெளிச்சக் கோடும் ஒரு இருள் கோடும் சேர்ந்தது ஒரு சுற்று) வரையில் உச்சத்தில் இருக்கும். 14 அங்குலத்தில் ஒரு பாகை என்பது கடதாசியில் 6 மில்லிமீட்டர் சொச்சம். நாலு சுற்று என்று வைத்தால் ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். அதை 4×6 ஆக அச்சடித்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் 60 பிக்சல் அடங்கும். 12×18 என்றால் 20. எங்கள் ஆட்கள் விரும்பிக் கேட்கிற 12×36 விரிப்பக்கத்தில் (அல்பத்தின் எதிரெதிர் இரு பக்கமும் சேர்ந்தது) ஒரே படத்தை நீட்டிப் போட்டால் 10தான். ஒரு சுற்றில் பாதி வெளிச்சம், பாதி இருள். ஆகவே அந்த விரிப்பக்கத்தில் ஐந்து பிக்சல் அகலத் திட்டுதான் கண்ணை முதலில் குத்தும். ஜேபெக் துடைப்பான் விட்டுவைப்பதும் ஏறத்தாழ அந்த அளவுத் திட்டைத்தான்.

என்னுடைய முறை இவ்வளவுதான்: அச்சு அளவுக்கு ஏற்றபடி படத்தை மங்கலாக்கி, பிறகு நியம விலகலை அளப்பது. கண்ணின் வளைவை முழுமையாகப் பின்பற்றுவதில்லை. மிகப் பெரிய, மெதுவாக மாறும் நிழல்களையும் நொய்ஸாக எண்ணிவிடும், அதனால் இரண்டு படக் கழித்தலை விட முடியாது. இந்த எண் எவ்வளவுக்கு மேல் போனால் சனம் முறைப்பாடு சொல்லும் என்பதைக் கணக்கால் அறிய முடியாது. ஒரே முகத்தைப் பல நொய்ஸ் அளவுகளில் அச்சடித்து வரிசையாக வைத்து, வருகிறவர்களிடம் "இந்தப் படம் இதில எதோட ஒத்துப்போகுது?" என்று கேட்டுக் கேட்டு எல்லையைக் கண்டேன். சர்வதேச தரநிலை நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 20462 தரநிலையில் சொல்லப்படும் தர அளவுகோல் முறையின் வீட்டுப் பதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுப்பவர்களைவிட அல்பம் பார்க்க வருகிற அன்ரிமார் நம்பகமானவர்கள். அவர்கள் பார்ப்பது முகத்தை மட்டும்தான்.

முகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விமர்சனங்களில் அளக்கப்படுவது பெரும்பாலும் 18 வீதச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் 18 வீதத்தைத் திருப்பும் சாம்பல். எங்கள் ஆட்களின் தோல், அதுவும் மணவறைக்குள் நிழல் விழுந்த பக்கம், அதைவிட ஒரு ஸ்டொப்போ (அரைவாசி வெளிச்சம்) அதற்கும் மேலோ இருட்டாக இருக்கும். ஒளியின் நொய்ஸ் விழுந்த ஒளித்துகள்களின் வர்க்கமூலம் என்பதால், வெளிச்சம் நாலில் ஒன்றானால் தெளிவு பாதியாகும். கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பிய கருங்கல் மண்டபத்துக்குள், சுவரிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மாப்பிள்ளையின் காதோரமும் கழுத்தும் அங்கேதான் முதலில் சிதைகின்றன. அதனால் 18 வீதச் சாம்பலை விட்டு, வர்ண அட்டையின் கடும் சாம்பல் கட்டத்தை அளப்பதுதான் எனக்கு வேலைக்கு உதவியது.

மஞ்சள் பல்புக்குக் கீழே இன்னொரு தொல்லை. நீல ஒளி மிகக் குறைவு, வெள்ளைச் சமநிலைக்காக கமரா நீலத்தைப் பெருக்குகிறது, நொய்ஸும் சேர்ந்து பெருகுகிறது. மூன்று வர்ணங்களையும் பிரித்து அளந்தால் நீலம் தனியாகக் கொந்தளிப்பது தெரியும். தேமலின் ஊற்று பெரும்பாலும் அங்கேதான். வர்ண நொய்ஸைத் தாராளமாகத் துடைக்கிறேன், வெளிச்ச நொய்ஸை ஏறக்குறையத் தொடுவதேயில்லை. சில வேளை சீரான பொடிக் கிரெய்னை மேலே தூவியும் விடுகிறேன். 12×36இல் தேமல் அடங்கிவிடும். ஏவி1 வீடியோ முறையிலும் இதே வேலைதான் நடக்கிறது: கிரெய்னை எடுத்துவிட்டு அதன் குணங்களை மட்டும் எண்களாக அனுப்பி, பார்க்கும் கருவியில் புதிதாகக் கிரெய்ன் செய்து போடுகிறார்கள்.

கொழும்பு வெக்கை சென்சரை எவ்வளவு பாதிக்கும் என்று கேட்பவர்களுக்கு: காலிமுகத்திடலில் இரவில் நிமிடக்கணக்காகத் திறந்து வைத்து எடுத்தால் பாதிக்கும். நூறில் ஒரு வினாடிக் கலியாணப் படத்தில் கவலையே வேண்டாம்.

இனி ஸ்கேனர். அச்சை 600 டீபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து அளக்கலாம், ஆனால் ஸ்கேனரின் கூர்மையாக்கம், தானியங்கி வர்ணத் திருத்தம் இரண்டையும் நிறுத்த வேண்டும். அதே அச்சை அசைக்காமல் இருமுறை ஸ்கேன் செய்து கழித்தால் ஸ்கேனரின் சொந்த நொய்ஸ் தெரியும். லஸ்டர் கடதாசியை அளக்கவே வேண்டாம். அதன் மேற்பரப்பின் மேடுபள்ளம் விளக்கொளியில் மினுங்கிக் கிரெய்னாகப் பதிவாகும். சோதனை அச்சுக்கு வழவழப்பான குளோசி கடதாசி கேளுங்கள். ஸ்கேனர் கண்ணாடிக்கு உட்புறம் பூஞ்சணம் பிடிக்கிற ஊர் இது, கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் மோசம். சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே வைத்து மூடி வைத்திருக்கிறேன்.

ஸ்கேனரால் கிடைத்த பெரிய பயன் படம் அச்சடிக்கும் லாப்பைப் பற்றியது. நான் கொடுத்துவந்த ஒரு லாப்பின் அச்சுகளில் மட்டும் நொய்ஸ் எண் எப்போதும் என் கணக்கைவிட மேலே நின்றது. விசாரித்ததில், அவர்களுடைய இயந்திரம் எல்லாப் படத்தையும் தானாகவே கூர்மையாக்குகிறதாம். "திருத்தம் வேண்டாம்" என்று ஒவ்வொரு ஓடரிலும் எழுதியும் அரைவாசி நேரம்தான் கேட்டார்கள். இப்போது வேறு இடம்.

இமேஜ்ஜேயின் குறைகளும் உண்டு. கமராவின் ரோ கோப்பை (பதப்படுத்தாத மூலப் பதிவை) நேரடியாகத் திறக்காது, வேறு மென்பொருளால் 16 பிட் டிஃப் படக் கோப்பாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்திலேயே நொய்ஸ் துடைப்பு ஒளிந்திருந்தால் எல்லா எண்ணும் பொய். எந்த வேலை எந்த மெனுவில் என்று மனப்பாடமாக மாதக்கணக்காகும். முடியை அளக்க என்னிடம் இன்னும் வழியில்லை: மணப்பெண்ணின் கொண்டையில் மல்லிகைச் சரத்துக்குப் பக்கத்துக் கருமையில் எது முடியிழை, எது நொய்ஸ் என்று நியம விலகலுக்குப் பிரிக்கத் தெரியாது. அங்கே மட்டும் சோதனை அச்சைக் கையில் பிடித்துத்தான் பார்க்கிறேன்.

மாதத்தில் ஓரிரு அல்பம் செய்கிறவருக்கு இவ்வளவு வேலை தேவையில்லை, நாலுக்கு நாலு சராசரிச் சோதனை ஒன்றே போதும். பெரிய விரிப்பக்கங்களை வாராவாரம் அனுப்புகிறவர் என்றால், ஒரு அல்பத்தைத் திரும்ப அச்சடிக்கும் செலவு மிச்சமானாலே சாம்பல் அட்டையின் விலை வந்துவிடும்.