எம்எக்ஸ்-5, ஆர்எக்ஸ்-8, எஸ்660, ஆல்டோ வேர்க்ஸ்: திருகோணமலைச் சம்பளத்துக்கு எது கட்டுப்படியாகும்?

பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஒரு பின்னேரம். டொக்யார்ட் வீதியில் சிவப்பு நிறத்தில், கூரை இல்லாமல், தட்டையாக ஒரு கார் நின்றது. இருட்டத் தொடங்கியதும் அதில் இருந்தவர் எதையோ அழுத்தினார். பொனற்றில் படுத்துக் கிடந்த இரண்டு விளக்குகளும் தவளைக் கண் மாதிரி எழும்பி முழித்தன. அது மஸ்டா எம்எக்ஸ்-5 என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

இப்போது எனக்கு அரசாங்க உத்தியோகம், மனைவி ஆசிரியை, ஆறு வயதில் ஒரு மகள். உவர்மலையில் மாமனார் தந்த வீடு இருப்பதால் வாடகை இல்லை. அந்த ஒரு வசதியால்தான் இந்தக் கணக்கைப் போடவே துணிந்தேன். எல்லாச் செலவும் போக, இரண்டு பேரும் பல்லைக் கடித்தால் மாதம் 50,000 ரூபாய் மிஞ்சும். அதை வைத்துக்கொண்டு ஒரு வருடமாக நான்கு கார்களைத் துரத்திப் பார்த்தேன். அதில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் சந்தை நிலவரம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்துவிட்டார்கள். திறந்தும் எங்களுக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. எஞ்சின் பெருக்கப் பெருக்க வரியும் பெருக்கும், ஆகவே டொயோட்டா 86 மாதிரி 2000 சீசீ வண்டிகளை நான் படத்தோடு விட்டுவிட்டேன். பழைய காரை ஜப்பானிலிருந்து எடுக்கலாம் என்றால் வயது வரம்பு விடாது. ஆக, 1990களில் செய்த எம்எக்ஸ்-5 வேண்டுமென்றால் தீவுக்குள் ஏற்கெனவே நிற்பவற்றில் ஒன்றைத்தான் வாங்கலாம். அது விற்பவருக்கும் நன்றாகத் தெரியும்.

அப்புறம் காசு. இருபது லட்சத்தை 15 வீத வட்டிக்கு ஐந்து வருடக் கடனாக எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 47,600 ரூபாய் மட்டில் கட்ட வேண்டும், முடியும்போது இருபத்தெட்டரை லட்சம் போயிருக்கும். அதே 50,000 ரூபாயை மாதாமாதம் 8 வீத வட்டிக்குப் போட்டு வந்தால் ஐந்து வருடத்தில் 36 லட்சத்தைத் தாண்டும். பொறுத்தவன் பூமி ஆள்வான் என்று வட்டிக் கணக்கும் சொல்கிறது. ஆனால் வட்டி எனக்குப் பெரிய பயம் இல்லை. 47,600 கட்டிய பிறகு கையில் இருக்கும் 2,400 ரூபாய்தான் பயம். கிளச் போனால் என்ன செய்வது? அதோடு இருபது முப்பது வயது வண்டி என்றாலே லீசிங்காரர் முகத்தைத் திருப்பிவிடுவார். கடைசியில் அக்கா பிடிக்கும் சீட்டில் சேர்ந்தேன். ஒரு விதியும் வைத்துக்கொண்டேன்: கையில் எவ்வளவு சேர்ந்தாலும் அதில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் கார், மற்றப் பங்கு முதல் வருடத்துத் திருத்த வேலைக்கு. கீழே சொல்வதெல்லாம் இந்த விதியை வைத்துத்தான்.

ஆர்எக்ஸ்-8இல் தொடங்குகிறேன், ஏனென்றால் ஆரம்பத்தில் என் மனம் முழுக்க அதில்தான் இருந்தது. நான்கு பேர் இருக்கலாம். பின்கதவு இரண்டும் அலுமாரிக் கதவு மாதிரி எதிர்ப்பக்கமாகத் திறக்கும். பிஸ்டன் கிடையாது, முக்கோண ரோட்டர் இரண்டு சுழலும். கொள்ளளவு 1308 சீசீ, சக்தியோ கூடிய ரகத்தில் 250 குதிரை. 9000 சுற்று வரை பாடிக்கொண்டே ஏறும். 2012இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். நான்கில் இதற்குக் கேட்கும் விலைதான், தரும் பலத்தோடு பார்த்தால், ஆகக் குறைவு. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குருநாகலில் ஒன்றைப் பார்க்க மெக்கானிக் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் போய் இறங்கும்போதே கார் ஸ்டார்ட்டில் நின்றது. அண்ணன் ஒன்றும் பேசாமல் பொனற்றில் கையை வைத்துப் பார்த்தார். அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தோம். நன்றாகச் சூடேறிய எஞ்சினை நிறுத்தி, "ஒரு தேத்தண்ணி குடிப்பம்" என்றார். விற்பவரின் முகம் அப்போதே மாறிவிட்டது. பத்து நிமிடம் கழித்துத் திறப்பைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் கிறுகிறுகிறுவென்று அடிக்கிறது, அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ரோட்டரின் மூன்று முனைகளிலும் சீல்கள் இருக்கின்றன. அவை தேய்ந்து அமுக்கம் குறைந்தால் சூட்டில்தான் முதலில் இப்படிக் காட்டிக்கொடுக்கும். சாதாரணக் கொம்பிரஷன் மானியால் இதைச் சரியாக அளக்க முடியாது, ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும்.

திரும்பி வரும் வழியில் கேட்டேன், வேறொன்று நல்லதாகக் கிடைத்தால் பார்ப்பீர்களா என்று. "ரோட்டரிக்கு நான் கைவைக்க மாட்டன் தம்பி. கொழும்புக்குத்தான் கொண்டு போகோணும்" என்றார். கொழும்பு 260 கிலோமீற்றர், ஓடாத காரை அவ்வளவு தூரம் ஏற்றிப் போகும் கூலியையும் கூட்டிப் பாருங்கள். நன்றாக இருக்கும் எஞ்சினும் சீல்களுக்காக ஒயிலைக் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் ஒயில் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும் காரை கேற்றுக்கு வெளியே எடுத்து விட்டு உடனே நிறுத்தினால், உள்ளே பெற்றோல் தேங்கி அடுத்த முறை முரண்டு பிடிக்கும். எங்கள் ஒழுங்கையில் தண்ணீர் பவுசர் வந்தால் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

பெற்றோல் விஷயத்துக்கு 2022ஐ நினைத்தாலே போதும். ஒரு லீற்றர் 450 ரூபாய் விற்ற அந்த நாட்களில் கியூஆர் கோட்டைக் காட்டினால் காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. ஆர்எக்ஸ்-8க்கு லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் என்று போட்டாலும் அது 120 கிலோமீற்றர்தான். இங்கிருந்து தம்புள்ளையைத் தாண்டியதும் காரை ஓரங்கட்டிவிட்டு பஸ்ஸில் வர வேண்டியதுதான். எங்கள் சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன என்று பெருமை பேசுவோம். அந்த வருடம் அவற்றுக்குப் பக்கத்தில் இருந்தே வரிசையில் நின்றோம்.

எம்எக்ஸ்-5 வேறு சாதி. 1989இல் வந்த முதல் தலைமுறையில் 1600 சீசீ எஞ்சின், 950 கிலோ சொச்சம் எடை, பின்சில்லு இழுவை. எஞ்சின் மஸ்டா பமிலியா வழி வந்தது, ஆகவே பமிலியா திருத்தியவர்கள் பயப்படாமல் திறப்பார்கள். டைமிங் பெல்ற் அறுந்தாலும் அந்த 1600இல் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளாது. சாமானுக்குக் கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கால் தேய நடந்தால் ஏதாவது அகப்படும். பலம் என்று பார்த்தால் ஆர்எக்ஸ்-8இல் பாதிகூட இல்லை. ஆனால் ஊருக்கு வெளியே எங்களுக்குச் சட்டம் விடும் வேகம் 70. கந்தளாய்க் காட்டு ரோட்டில் 250 குதிரையை அவிழ்த்து விட்டால் பொலிஸ்காரர் பிடிப்பார், அவர் விட்டாலும் பின்னேரத்தில் யானை விடாது. 50, 60இல் வளைவுக்குள் போகும்போதே உதட்டோரம் சிரிப்பு வர வேண்டும். எம்எக்ஸ்-5இல் வரும். ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், உட்துறைமுக வீதியில் கடல் பக்கமாகக் கூரையைத் திறந்துவிட்டு. கியர் குச்சி மணிக்கட்டை அசைத்தாலே விழுகிறது. அதற்கு மேல் எழுதினால் காதல் கடிதமாகிவிடும்.

இதன் எதிரி துரு. சீலைக் கூரையில் விழும் மழைத்தண்ணீர் இரண்டு சீற்றுக்கும் பின்னால் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாகக் கீழே வடிய வேண்டும். சருகும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும், வெளியே பெயின்ற் பளபளவென்று இருக்கும். நான் பார்த்த காரில் புல்லு வெட்டும் மெஷினின் நைலோன் கயிற்றை அந்த ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். தேயிலைச் சாயத்தில் ஒரு கோப்பை தண்ணீர் வடிந்தது. பின்சில்லுக்கு முன்னால் உள்ள தகட்டை ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டினேன். முன்பாதி டங் என்றது, பின்பாதி சொத்தென்றது. தகட்டை வெட்டி மாற்ற வேண்டும் என்றேன். உரிமையாளர், "இது கண்டிக் கார், உப்புக் காத்தே படேல்ல" என்றார். உப்பே படாமல் இப்படி என்றால், என் வாசலில் இருந்து கடலுக்குக் கூப்பிடு தூரம். வாடைக்காற்றும் மாரி மழையும் சேர்ந்து வரும் கார்த்திகை, மார்கழியில் வீட்டு ஜன்னல் கம்பியே சிவந்துபோகும் ஊர் இது.

இன்னொரு கேள்வியை மனைவி கேட்டாள், "மூன்றாவது ஆளை எங்க இருத்துறது?" பதில் இல்லை. மகளை ரியூஷனுக்கு ஏற்றுவேன், அம்மா ஸ்கூட்டியில் பின்னால் வரட்டும் என்று சொன்னேன். அதைத் திருப்பி எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதே கேள்வியில் ஹொண்டா எஸ்660உம் அடிபட்டுப் போனது. பாவம், அழகான சாமான். 658 சீசீ டேர்போ, எஞ்சின் நடுவில், 64 குதிரை. 2015இல் வந்ததால் துரு இன்னும் தொடங்கியிருக்காது. ஆனால் நிலத்துக்கும் அடிவயிற்றுக்கும் இடையில் 125 மில்லிமீற்றர்தான். எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் மேட்டில் உரசாமல் ஏறாது. தாங்கி 25 லீற்றர். கூரையைச் சுருட்டி முன்பெட்டிக்குள் வைத்தால் அதன்பிறகு ஒரு மரக்கறிப் பைக்குக்கூட இடமில்லை. இவ்வளவுக்கும் விலை எம்எக்ஸ்-5ஐத் தாண்டுகிறது. கூரை தானாக மடியும் டைஹற்சு கோப்பனும் கிட்டத்தட்ட இதே கதை. தனி ஆளாக இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன்.

கடைசியாகச் சுசுகி ஆல்டோ வேர்க்ஸ். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் என் சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஜப்பானில் குட்டிக் கார்களின் சக்தி 64 குதிரையைத் தாண்டக் கூடாது என்று கொம்பனிகள் தங்களுக்குள் எல்லை போட்டதே 1987இல் வந்த முதல் ஆல்டோ வேர்க்ஸின் அட்டகாசத்துக்குப் பிறகுதான். நான் பார்ப்பது 2015 கடைசியில் வந்த வடிவம்: 660 டேர்போ, ஐந்து கியர் மெனுவல், எடை 670 கிலோ. எம்எக்ஸ்-5ஐ விட முந்நூறு கிலோவுக்குக் கிட்டக் குறைவு. கால் வைத்த உடனே பாய்கிறது. முன்சில்லு இழுவை என்பதால் வளைவில் அந்தப் பின்பக்கச் சொகுசு இல்லை, ஸ்டியரிங்கும் கொஞ்சம் பொய் சொல்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எஞ்சின் ஆர்06ஏ. ரோட்டில் போகும் வெகன் ஆர்களில் உள்ள அதே இனம். ஒயில் ஃபில்டர் தொடங்கி எஞ்சின் மவுன்ற் வரைக்கும் பல சாமான்களை ஊருக்குள்ளேயே வாங்கலாம். டேர்போ போனால் மட்டும் கொழும்பு. அண்ணனிடம் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "கொண்டா, பாப்பம்" என்றார். ரோட்டரிக்கு அவர் சொன்னதை நினைத்துப் பாருங்கள். நிதானமாக ஓட்டினால் லீற்றருக்கு 15 கிலோமீற்றருக்கு மேல் கொடுக்கும், அந்த 20 லீற்றரில் கொழும்புக்கே போயிருக்கலாம். அடிவயிறு 155 மில்லிமீற்றர், மேடு பிரச்சினை இல்லை. பின்சீற்றில் மகளும் புத்தகப் பையும், வேண்டுமானால் மாமியும். என் மூன்றில் இரண்டு பங்கு விதிக்குள் நிற்பதும் இது ஒன்றுதான்.

இடையில் சிலர் ஹொண்டா சிவிக் 1000 டேர்போவைச் சொன்னார்கள். நல்ல கார், ஆனால் என் பைத்தியத்துக்கு அது மருந்தில்லை. சீஆர்-இசெட் ஹைபிரிட் பார்க்க நன்றாக இருக்கிறது, பழைய பற்றரியை நினைத்து விட்டுவிட்டேன்.

எந்தக் காரானாலும் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா என்று பாருங்கள். பதிவில் பெயர் மாற்றாமல், ஓபன் பேப்பரில் நான்கு கை மாறிய ஒன்றை எனக்குத் தள்ளிவிடப் பார்த்தார்கள். முதல் சொந்தக்காரர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே யாருக்கும் தெரியவில்லை.

ஆல்டோ வேர்க்ஸ் ஒன்று அனுராதபுரத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடிய ஹொரவப்பொத்தானை வழியாகப் போகிறோம், அண்ணனுக்குச் சாப்பாடும் கூலியும் பேசியாகிவிட்டது. நேற்று அந்த எம்எக்ஸ்-5காரர் போன் எடுத்தார். விலையைக் கொஞ்சம் குறைக்கலாம், வந்து பாருங்கள் என்றார். நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது உண்மை. அந்தத் தகட்டை வெட்டி மாற்றியாச்சா என்று கேட்டேன்.

"பெயின்ற் அடிச்சாச்சு" என்றார்.