தெரு புதுசு, முனை பழசு: எட்டு மாதம் புழங்கிப் பார்த்த பிறகு

எங்கள் வீட்டை ஒட்டிப் போகிற பெரிய தெருவை உடைத்துத் திருத்தி, திறந்துவிட்டு எட்டு மாதம் ஆகிறது. அதை நான் மூன்று விதமாகப் பயன்படுத்துகிறேன். காலையில் வேலைக்குச் சைக்கிள், மழை பிடித்துக்கொண்டால் பஸ், சாயங்காலம் அம்மாவோடு நடை. ரிப்பன் வெட்டிய அன்றைக்குப் போய் நாலு போட்டோ எடுத்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை இது. மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. போன ஒன்றரை எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

முன்பு இருந்தது நாலு லேன், ஒவ்வொன்றும் 3.5 மீட்டர், ஆக 14 மீட்டர் தார். ஓரத்தில் பேருக்கு ஒரு பிளாட்பாரம், அதில் பாதியை மின்பெட்டியும் மீதியை நிறுத்திவைத்த பைக்குகளும் எடுத்துக்கொண்டதால் எல்லோரும் ரோட்டில் இறங்கித்தான் நடந்தார்கள். இப்போது திசைக்கு ஒரே லேன், அதுவும் 3.2 மீட்டர்தான். நடுவில் 2 மீட்டர் அகலத்துக்கு ஒரு திட்டு. இரண்டு பக்கமும் சைக்கிளுக்குத் தனிப் பாதை, அதற்கும் காருக்கும் நடுவே கோடு போட்டு ஏமாற்றாமல் நிஜமான கல்லையே வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டி இரண்டு பேர் பேசிக்கொண்டே போகிற அளவுக்கு நடைபாதை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த நடுத்திட்டுதான். அம்மாவின் நடை வினாடிக்கு 0.8 மீட்டர், நானே போனில் நேரம் வைத்துப் பார்த்தேன். சிக்னல் நேரம் கணக்கிடுகிறவர்கள் பல ஊர்களில் வினாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கணக்குப்படி 14 மீட்டருக்கு 12 வினாடி போதும், அம்மாவுக்கோ பதினேழு பதினெட்டு ஆகும். அதனால்தான் பழைய தெருவில் கடைசி லேனுக்கு வரும்போது எப்போதும் யாராவது ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒரு லேன், நாலு வினாடி, திட்டில் நின்று மூச்சு வாங்கி மறுபக்கம் பார்த்து இன்னொரு நாலு வினாடி. ஒரு நேரத்தில் ஒரு திசையை மட்டும் பார்த்தால் போதும் என்பது கழுத்து வலி இருக்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரோடு நடந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

லேனைக் குறுக்கியதால் நெரிசல் வந்துவிட்டது என்று தெருவில் பாதிப் பேர் இன்னும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பழைய நாலு லேனில் ஓரத்து இரண்டும் எப்போதும் நிறுத்திய வண்டிகளால் அடைத்துத்தான் கிடந்தன, ஓடியது நடு இரண்டு மட்டும்தான். அப்புறம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோ வெளியிட்ட வழிகாட்டியில், 3 மீட்டர் அகலத்தில் கார்கள் மட்டும் போனால் மணிக்கு 600 முதல் 1,600 பேர், அதே அகலத்தை பஸ்ஸுக்கு ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர், நடப்பவர்களுக்கு விட்டால் 9,000 பேர் வரை போகலாம் என்று போட்டிருக்கிறார்கள். தெரு சுருங்கியதாகத் தெரிவது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும்தான்.

வேகம் நிஜமாகவே குறைந்திருக்கிறது. 30 என்று பலகை வைத்ததாலா என்றால் எனக்குச் சந்தேகம், முன்பும் ஒரு பலகை இருந்தது, அதை யார் பார்த்தார்கள். லேன் குறுகலாக இருந்தால் கால் தானாகவே ஆக்ஸிலரேட்டரை விடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிறவர் ஒரு குழந்தையைப் பார்த்து, ஒரு வினாடி சுதாரித்து, பிரேக் அடித்தால் ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். 50-ல் வருகிறவருக்கு அந்தச் சுதாரிக்கிற ஒரு வினாடியிலேயே 14 மீட்டர் போய்விடும். முதல் வண்டி நின்றுபோன இடத்தில் இரண்டாவது வண்டி இன்னும் பிரேக்கையே தொட்டிருக்காது, முழு வேகத்தில் இருக்கும். இதை யாராவது எனக்கு டிரைவிங் கற்றுக்கொண்ட காலத்திலேயே சொல்லியிருக்கலாம்.

சைக்கிள் பாதை, ஓட்டுகிறவனாகச் சொல்கிறேன், நடு நீளத்தில் அருமை. முதல் வாரம் மட்டும் ஒரு கண்டம் இருந்தது. மழைநீர் வடிகிற இரும்புச் சல்லடையை, அதன் கம்பிகள் சைக்கிள் போகிற திசைக்கு நேராக இருக்கும்படி பதித்திருந்தார்கள். என் சைக்கிளின் முன்சக்கரம் இரண்டு கம்பிக்கு நடுவில் அழகாக இறங்கியது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பறந்தேன், முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. புகார் கொடுத்த மூன்றாவது வாரம் எல்லாச் சல்லடையையும் குறுக்காகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். திருத்துகிற ஆட்கள் என்பதற்காகவே அரை மார்க்கைக் குறைக்காமல் விட்டேன். ஆனால் கல் விளிம்பு இல்லாத சிறு துண்டில் வளைகிற பிளாஸ்டிக் கம்பங்களை நட்டார்கள் இல்லையா, அவற்றில் பாதி இப்போது படுத்துக் கிடக்கின்றன. எங்கெங்கே படுத்திருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு டெலிவரி வேன் நிற்கிறது.

பஸ் ஸ்டாப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். பழைய ஸ்டாப்பில் பஸ் ஓரத்துக் குடைவுக்குள் நுழையும், ஆள் ஏறியதும் வெளியே வர இடம் கேட்டு இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே நிற்கும், ஒருத்தரும் விடமாட்டார்கள். இப்போது பிளாட்பாரமே ரோடு வரைக்கும் நீண்டு வந்து பஸ்ஸைத் தொடுகிறது. பஸ் தன் லேனிலேயே நிற்கிறது, பின்னால் வருகிற கார் காத்திருக்கிறது. கார்க்காரர்கள் திட்டுகிறார்கள், பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறோம், திட்டட்டும். சைக்கிள் பாதை ஸ்டாப்புக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறது, அதனால் பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றையொன்று நசுக்குகிற பழைய ஆட்டம் நின்றுவிட்டது.

ஆனால் இறங்குகிறவர் நடைபாதைக்குப் போக அந்தச் சைக்கிள் பாதையைத் தாண்டியாக வேண்டும். அங்கே பாதையை நடைபாதை மட்டத்துக்கு மேடாக்கி ஒரு குட்டி ஜீப்ராவும் போட்டிருக்கிறார்கள், நல்லதுதான், சைக்கிள்காரர்கள்தான் நிற்பதில்லை. (நானும் இரண்டு தடவை நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன்.) பார்வையில்லாதவர்களுக்கு இது இன்னும் மோசம், சைக்கிள் சத்தமே போடாது.

அதோடு ஏறுகிற படி. ஸ்டாப்பை உயர்த்திவிட்டார்கள், பஸ்ஸின் தரைக்கு ஏறக்குறைய சமம். ஆனால் ஓரக் கல் சாதாரணக் கல், கூரான முனை. டயர் கிழியுமோ என்று டிரைவர் ஒரு முழம் தள்ளியே நிறுத்துகிறார், அம்மா அந்த இடைவெளியைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடிக்கிறார். ஜெர்மனியில் காசல் என்ற ஊரில் 1990-களில் இதற்கென்றே ஒரு கல் கண்டுபிடித்தார்கள். கல்லின் அடிப்பக்கம் உள்வாங்கி வளைந்திருக்கும், டயர் அதில் உரசினால் கிழியாமல் வழுக்கி, பஸ் தானே ஓரத்தோடு ஒட்டி நிற்கும். உயரத்துக்குச் செலவழித்தவர்கள் அந்தக் கல்லுக்கும் செலவழித்திருந்தால் சக்கர நாற்காலி ஒன்று யார் கையும் படாமல் ஏறியிருக்கும்.

பார்வையில்லாதவர்கள் காலாலும் கோலாலும் தடவி வழி அறிவதற்காக நடைபாதையில் பதிக்கிற மஞ்சள் ஓடு விஷயம் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இதை யோசித்தவர் ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே, 1967-ல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். இப்போது வழக்கத்தில் இருக்கிற முறையில் நீளக் கோடு இருந்தால் நேரே போகலாம், புள்ளிகள் இருந்தால் நில் என்று அர்த்தம். எங்கள் தெருவில் நீளக் கோடு ஓடு 200 மீட்டர் ஒழுங்காகப் போய், பழைய மின்பெட்டியின் கதவில் முட்டி நிற்கிறது. புள்ளி ஓடு ஒன்றுகூட இல்லை. பெட்டியை நகர்த்த இன்னொரு துறையின் அனுமதி வேண்டுமாம். ஓடு பதித்தவர் முட்டும் என்று தெரிந்தேதான் பதித்திருப்பார்.

பக்கத்துச் சந்துகள் வந்து சேர்கிற இடங்களில் நடைபாதையை இறக்காமல் அதே உயரத்தில் தொடர்ந்து கொண்டுபோயிருக்கிறார்கள், கார்தான் ஏறி இறங்க வேண்டும். இதற்கு முழு மார்க். சக்கரப் பெட்டி இழுத்துக்கொண்டு போகிறவர்களைக் கேளுங்கள்.

சரி, இப்போது முனை. பெரிய சந்திப்புக்கு 30 மீட்டர் முன்னால் சைக்கிள் பாதையின் கல் விளிம்பு முடிந்துவிடுகிறது, அப்புறம் பச்சைப் பெயின்ட், அப்புறம் பெயின்டும் இல்லை. தெரு முழுக்கக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டு, கார்கள் குறுக்கே திரும்புகிற அந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறது. முனையின் வளைவையும் பழையபடி அகலமாகவே விட்டிருக்கிறார்கள், கார் வேகத்தைக் குறைக்காமலேயே திரும்பலாம். நெதர்லாந்தில் இதற்குச் செய்வது ஒன்றும் மந்திரம் இல்லை. முனையில் சிறுநீரக வடிவத்தில் ஒரு கல் திட்டு வைத்து, சைக்கிள் கடக்கிற இடத்தை ஒரு கார் நீளத்துக்கு உள்ளே தள்ளிவிடுகிறார்கள். கார் இறுக்கமாகத் திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் விழுகிறது, திரும்பி முடிக்கும்போது சைக்கிள் டிரைவரின் கண்ணுக்கு நேர் எதிரே இருக்கிறது, கண்ணாடியில் தேட வேண்டாம். சிக்னலில் நடப்பவர்களுக்கு மட்டும் சில வினாடி முன்னதாகப் பச்சை காட்டினால் அது இன்னும் மலிவு, கல்லே வேண்டாம், டைமரை மாற்றினால் போதும்.

ஏன் விட்டார்கள் என்று விசாரித்தேன். சந்திப்பு வேறு ஒப்பந்தமாம், அடுத்த கட்டமாம். ஸ்வீடன் பாராளுமன்றம் 1997-ல் சாலைச் சாவு ஒன்றுகூடக் கூடாது என்று இலக்கு வைத்தபோது அதன் அடிப்படை, மனிதன் தப்பு செய்வான், அந்தத் தப்புக்கு உயிர் விலையாகாதபடி சாலை இருக்க வேண்டும் என்பதுதான். 2019-ல் ஓஸ்லோவில் நடப்பவர் ஒருத்தரோ சைக்கிளில் போனவர் ஒருத்தரோ சாகவில்லை. நகரம் முழுக்க வேகத்தைக் குறைத்தார்கள், மையத்தில் கார் நிறுத்துமிடங்களை எடுத்தார்கள். மனிதன் அதிகமாகத் தப்பு செய்கிற இடம் முனைதான், அதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவைத்தால் எப்படி.

ஆக, முனைக்கு ஒரு மார்க், மஞ்சள் ஓட்டுக்கும் பஸ் இடைவெளிக்கும் சேர்த்து அரை மார்க் குறைத்திருக்கிறேன். உங்கள் தெருவில் இந்த வேலை வரப்போகிறது என்றால், வரைபடம் காட்டுகிற கூட்டத்துக்குப் போய் நடுத்தெரு படத்தை ரசித்துக்கொண்டிருக்காதீர்கள், முனையின் படம் எங்கே என்று முதலில் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

அம்மா இப்போது மூன்றாவது ஸ்டாப் வரை தனியாகப் போய் வருகிறார். நாலாவது ஸ்டாப் முனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதற்கு நான் கூடப் போகிறேன்.