தாத்தாவின் இறப்புச் சான்றிதழ்: நான்கு ஆபீஸ், ஏழு நடை, இரண்டரை நட்சத்திரம்

ஹோட்டலுக்கும் செல்போனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், அரசாங்க ஆபீசுக்கு மட்டும் ஏன் எழுதக்கூடாது என்று தோன்றியதால் இது. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று பெயர் போடப்போவதில்லை. நாளைக்கே அங்கே வேறு வேலையாகப் போய் நிற்கவேண்டியவன் நான்.

விஷயம் இதுதான். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்றவேண்டும். அதற்கு வாரிசு சான்றிதழ் வேண்டும், அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். அவர் போய் முப்பத்தேழு வருடம் ஆகிறது, வீட்டில் ஒருத்தரும் சான்றிதழ் வாங்கி வைக்கவில்லை. பாட்டி 2019-இல் இறந்தார், அவருடையதும் தேவைப்பட்டது. இந்த இரண்டு பேருடைய சான்றிதழையும் வாங்கிய அனுபவத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே துறையா இது என்று சந்தேகம் வரும்.

பாட்டியுடையது ஐந்து நிமிட வேலை. தமிழ்நாட்டில் 2018-இலிருந்து பிறப்பு இறப்புப் பதிவெல்லாம் ஒரே இணைய மென்பொருளில் ஏறுகிறது, சி.ஆர்.எஸ்.டி.என். தளத்துக்குப் போய் விவரம் கொடுத்தால் கியூஆர் கோடு போட்ட சான்றிதழ் பி.டி.எஃப்.பாகவே இறங்கிவிடும், கையெழுத்துக்கோ சீலுக்கோ யார் முன்னாலும் நிற்கவேண்டாம், காசும் கிடையாது. சென்னை மாநகராட்சிக்குத் தனியாகவே ஒரு தளம் இருக்கிறது, அங்கேயும் இதே மாதிரி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்துக்கொண்டே முடித்தேன். இதற்கு ஐந்து நட்சத்திரம், சொல்ல வேறொன்றும் இல்லை.

தாத்தா கதைக்கு வருவோம். முதலில் போனது வி.ஏ.ஓ. ஆபீஸ். கிராமத்தில் வீட்டில் இறந்தால் பதிவாளர் அவர்தான், அதனால் அங்கே போனதில் தப்பில்லை. ஆனால் அவரிடம் இருப்பது நடப்புப் பதிவுகள்தான். பழைய வருடத்துப் பதிவேடெல்லாம் தாலுகா ஆபீசுக்கும் சார்பதிவாளர் ஆபீசுக்கும் போயிருக்கும் என்று நல்லபடியாகவே எடுத்துச் சொன்னார். அதுவும் 1980-க்கு முந்தைய சாவு என்றால் அன்றைக்குப் பதிவேடு எழுதியது கிராம முன்சீப், அந்த வருடம்தான் முன்சீப், கர்ணம் பதவிகளையெல்லாம் ஒழித்தார்கள். அந்தக் காலத்துக் கையெழுத்தைப் படிக்கவே தனியாக ஒருவரைப் பிடிக்கவேண்டும் என்று சிரித்தார். நல்ல மனுஷர். நான்கு நட்சத்திரம்.

அடுத்தது தாலுகா ஆபீஸ். ரெக்கார்டு ரூம் ஆள் லீவு. மறுபடி போனால் சாவி இல்லை. மூன்றாவது தடவை ஆளும் இருந்தார் சாவியும் இருந்தது, "எந்த வருஷம்?" என்று கேட்டார், அங்கேதான் நான் மாட்டினேன். பெரியப்பா 1985 என்கிறார், சத்தியம் செய்யாத குறை. அத்தை அதெல்லாம் இல்லை, எம்.ஜி.ஆர். செத்தாரே, அதற்கு முந்தின ஆடி என்கிறார். இரண்டையும் அவரிடம் சொன்னேன். தேடும் கட்டணம் முதல் வருடத்துக்கு ஒன்று, அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் தனி, அதனால் மூன்று வருடம் சேர்த்து எழுதிக்கொடுங்கள் என்றார். பணம் பெரிசில்லை. தேடிவிட்டு இல்லை என்றார். சார்பதிவாளர் ஆபீசிலும் அதே பதில்.

ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிற ஒருவர் இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐயாயிரம் கொடுங்க தம்பி, பதினைந்து நாளில் கையில் தருகிறேன் என்றார். எப்படித் தருவீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பதிவேட்டில் இல்லாததை இவர் எங்கிருந்து கொண்டுவருவார், யோசித்துப் பாருங்கள். இந்த மாதிரி ஆளிடம் கொடுத்து ஒரு போலிச் சான்றிதழை வைத்துப் பட்டா மாற்றி அப்புறம் கோர்ட்டில் நிற்பதைவிட அந்த நிலம் சும்மாவே கிடக்கலாம்.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைக் கவிழ்த்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளோடு தாத்தாவின் கருமாதிப் பத்திரிகையும் கிடந்தது, ஓரம் பூச்சி அரித்து. பிரபவ வருடம், ஆடி மாதம் என்று போட்டிருந்தது. பிரபவ என்றால் 1987 ஏப்ரலில் பிறந்த வருடம், எம்.ஜி.ஆர். போனது அதே 1987 டிசம்பர் 24. அத்தை ஜெயித்துவிட்டார். திதி கொடுப்பது ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால், அந்த வருடம் ஆடி அமாவாசை ஜூலை 25, ஆக ஜூலை 23. பஞ்சாங்கத்தை வைத்து அரசாங்க வேலை செய்தது எனக்கு இதுதான் முதல் தடவை. உங்கள் வீட்டில் தேதி தெரியாவிட்டாலும் திதி தெரிந்திருக்கும், அதைப் பிடித்துக்கொண்டே பின்னால் போங்கள்.

தேதி கிடைத்த கையோடு அத்தை போகிறபோக்கில் ஒன்று சொன்னார். "பெரியாஸ்பத்திரியிலேர்ந்து வேன்லதானே கொண்டுவந்தோம்." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஐந்து நடை நடந்து, மூன்று ஆபீசில் தேடச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தர்கூட "எங்கே இறந்தார்?" என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எரித்தது ஊரில், அதனால் பதிவும் ஊரில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. 1969-ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி உயிர் எந்த எல்லைக்குள் போனதோ அந்த எல்லையின் பதிவாளரிடம்தான் பதிவு, ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்பதெல்லாம் கணக்கே இல்லை. இந்த ஒரு வரியை எல்லா ஆபீஸ் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் பாதிக் கூட்டம் குறையும். இதை யாரும் சொல்லாததுக்காகவே ஒன்றரை நட்சத்திரம் வெட்டுகிறேன்.

சரி, ஆஸ்பத்திரி இருக்கும் நகரத்தின் உள்ளாட்சி ஆபீஸ், சுகாதாரப் பிரிவு. அங்கே ஒரு இளவட்டம், கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லை சார் என்றார். பழைய பதிவெல்லாம் முழுசாக ஏறியிருக்காதே, பதிவேட்டைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். ஜூலை மாதப் பக்கங்களைப் புரட்டினார், இல்லை. வேண்டுமானால் 'பதிவு இல்லை' என்று சான்று தருகிறோம், அதை வைத்து ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) போய்க்கொள்ளுங்கள் என்றார். அது பத்தாம் எண் படிவம். இறப்பே பதிவாகாமல் ஓராண்டு தாண்டியிருந்தால் உண்மையிலேயே அதுதான் வழி: அந்தச் சான்று, பிரமாணப் பத்திரம், ஆர்.டி.ஓ. விசாரணை, அவர் உத்தரவு, அதற்கப்புறம்தான் பதிவு. ஆனால் ஏற்கெனவே பதிவாகியிருக்கும் ஒன்றுக்கு அந்த வழியில் போனால் மாதக்கணக்கில் அலைவதோடு, இரண்டு பதிவு என்று பிற்பாடு வில்லங்கம் வேறு.

நல்லவேளை, பக்கத்து மேசையில் ஓய்வுபெறும் வயதில் ஒரு அம்மா இருந்தார். நான் கிளம்பப்போனவனைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரி சாவா? அவங்க மொத்தமா சேர்த்துதான் அனுப்புவாங்க, ஆகஸ்ட்ல பாரு" என்று அந்தப் பையனிடம் சொன்னார். பதிவேட்டில் வரிசை எண் ஓடுவது பதிவு செய்த தேதிப்படி, இறந்த தேதிப்படி அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து சேரச் சில நாள் ஆகும் என்பதால் ஜூலைக் கடைசிச் சாவு ஆகஸ்டில் ஏறுவது சர்வசாதாரணம். ஆகஸ்ட் 6-ஆம் தேதிப் பக்கத்தில் தாத்தா இருந்தார். நீல மையில், இனிஷியல் இல்லாமல், 'ச்' ஒன்று கூடுதலாக. அந்த அம்மாவுக்கு மட்டும் ஐந்துக்கு ஆறு நட்சத்திரம்.

எழுத்துப் பிழைக்குத் தனியாக ஒரு நடை. சட்டத்தின் 15-ஆவது பிரிவில் பதிவாளரே திருத்தலாம், விவரம் தெரிந்த இரண்டு பேர் எழுதிக்கொடுக்கவேண்டும், ஆதாரமும் வேண்டும். நாங்கள் பழைய பட்டா நகலையும் பத்திரத்தையும் கொடுத்தோம், செய்துவிட்டார்கள். சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இன்னொரு நாள் லீவு போடவேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்: இறப்புச் சான்றிதழில் இறந்த காரணம் இருக்காது. பதிவேட்டில் எழுதியிருந்தாலும் நகலில் அதைக் காட்டக்கூடாது என்பது சட்டம். இன்சூரன்ஸ்காரர் காரணம் கேட்டால் ஆஸ்பத்திரிக் காகிதம்தான் பேசும், அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி, டெத் சம்மரி எதையும் துக்கத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போது யாராவது வீட்டில் தவறினால் 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், தகவல் கொடுப்பவருக்கு முதல் சான்றிதழ் இலவசம். நாள் தாண்டினால் 30 நாள் வரைக்கும் தாமதக் கட்டணத்தோடு முடியும், அதற்கு மேல் மேலதிகாரி அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் முன்னே சொன்ன ஆர்.டி.ஓ. கதை.

மொத்த மதிப்பெண் எப்படிப் போடுவது என்று யோசித்தேன். பதிவேடு பத்திரமாக இருந்தது, முப்பத்தேழு வருடமாக ஒரு சாதாரண விவசாயியின் பெயரைக் கரையானுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள், அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதை எப்படித் தேடுவது என்று தெரிந்த ஒரே ஆள் பக்கத்து மேசையில் இருந்தார், அவரும் அடுத்த வருடம் ரிட்டையர் ஆகிறாராம். ஆகவே இரண்டரை.

ஒரே மனுவில் ஐந்து பிரதி கேட்டு வாங்கினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒன்று வாரிசு சான்றிதழுக்குப் போனது, ஒன்று பட்டாவுக்கு, ஒன்று கூட்டுறவு சொசைட்டிக்கு, ஒன்று பீரோவில் இருக்கிறது. ஐந்தாவதைப் பெரியப்பா வாங்கிக்கொண்டுபோய் லேமினேட் பண்ணி தாத்தா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார். இன்னமும் 1985தான் என்கிறார்.