‘போர்டு போய்விட்டது’ என்றால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்

நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட் என்ற கையடக்க வீடியோ கேம் கருவி வைத்திருப்பவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தவர்களும் இதைப் படித்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். போன மாதம் நல்ல நிலையில் இருந்த ஒரு போர்டை, அதாவது கருவிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப் பலகையை, நானே பணம் கொடுத்து ஒருவரிடம் விட்டுவிட்டு வரப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு ஸ்விட்ச் லைட் 2020-இல் வாங்கியது. மகள் அதில் ‘அனிமல் கிராஸிங்’ விளையாடுவாள். ஊரடங்குக் காலத்தில் என் அப்பாவும் அவளோடு உட்கார்ந்து பழகிக்கொண்டார். அந்த விளையாட்டில் ஒரு கருவிக்கு ஒரு தீவுதான். வீட்டிலுள்ளவர்கள் எல்லோரும் அதே தீவில் ஆளுக்கொரு வீடு கட்டிக்கொள்ளலாம். அப்பா கட்டிய வீடும் அவர் வரிசையாக நட்ட ஆரஞ்சு மரங்களும் அதில் இருக்கின்றன. அப்பா 2022-இல் காலமானார். அந்தக் கருவி எங்களுக்கு ஏன் முக்கியம் என்பது இப்போது புரியும்.

பழுது சிறியதுதான். விளையாட்டுப் பாத்திரத்தை நகர்த்தும் குமிழான இடப்பக்க ஸ்டிக்கைத் தொடாமலே பாத்திரம் தானாக மேலே நடந்துகொண்டிருந்தது. ஸ்டிக்கின் உள்ளே இருக்கும் கரிப்பூச்சு தேய்ந்துபோவதால் வருகிற, உலகம் முழுக்கப் பேர்போன கோளாறு இது. 2019-இல் இதற்காக அமெரிக்காவில் நிண்டெண்டோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். 2020-இல் நிறுவனத் தலைவரே வருத்தம் தெரிவித்தார். நாங்கள் வாங்கியதோ இறக்குமதிக் கடையில். உத்தரவாதம் என்று போய் நிற்க இங்கே இடம் இல்லை. பெரிய ஸ்விட்ச்சாக இருந்தால் பக்கவாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். லைட்டில் எல்லாம் ஒரே உடம்பு, திறந்துதான் ஆகவேண்டும்.

ஒரு செல்போன் பழுதுக் கடைக்கு எடுத்துப் போனேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. 1,800 ரூபாய் சொன்னார்கள். “அரை மணி நேர வேலை அக்கா, டீ குடித்துவிட்டு வாருங்கள்” என்றார் அந்தத் தம்பி. திரும்பி வந்தபோது, ஆள் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். கையில் கொடுத்தது ஓர் எண் மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு.

மறுநாள் போனால் கருவி உயிரில்லாமல் கிடந்தது. பொத்தானை அழுத்தினாலும் சார்ஜரைச் செருகினாலும் திரையில் ஒன்றும் வரவில்லை. “போர்டு போய்விட்டது அக்கா. உள்ளே ஏற்கெனவே ஈரம் பட்டிருக்கிறது. வேறு போர்டு போட்டால் 9,500 ஆகும்.” நான் கொடுத்தபோது ஓடிக்கொண்டிருந்ததே என்றேன். “திறந்தால்தானே தெரியும்” என்று பதில் வந்தது.

சம்மதித்துவிடும் நிலையில்தான் நின்றேன். மகள் உடன் வந்திருந்தாள். தீவு அப்படியே இருக்குமா என்று அவள் கேட்டதற்கு, அதையெல்லாம் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம் என்றார் அவர். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஸ்விட்ச் லைட்டில் சேமிப்பு நினைவகம் போர்டிலேயே சால்டர் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மெமரி கார்டில் இருப்பது விளையாட்டு மட்டும். விளையாடிச் சேர்த்தது எல்லாம் போர்டில்தான். போர்டு மாறினால் தீவு போச்சு. நாங்கள் இணையச் சேமிப்புக்குச் சந்தா கட்டியதும் இல்லை. பிறகு நான் கேட்டேன்: “பழைய போர்டைத் திருப்பித் தருவீர்களா?” “அது கம்பெனிக்குப் போய்விடும் அக்கா.”

எந்தக் கம்பெனி? அந்த நொடியில்தான் எனக்குச் சுருக்கென்றது. பார்த்த கூலி என்று 500 ரூபாய் கேட்டார்கள். கொடுத்துவிட்டுக் கருவியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பில் கேட்டேன், தரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முதுகில் இரண்டு திருகுகளே இல்லை. மீதி இருந்தவற்றின் தலை நைந்திருந்தது. அவை மூன்று கால் கொண்ட ஒய் வடிவத் திருகுகள். பொருந்தாத திருப்புளியை வைத்து அழுத்தித் திருகியிருக்கிறார்கள். சரியான திருப்புளியை இணையத்தில் வாங்கினோம். அது வந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றுகிற ஒவ்வொரு திருகையும் தாளில் வரைந்த படத்தின் மேல் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டே திறந்தோம். மூடிக்குக் கீழே ஓர் உலோகத் தகடு. அதையும் எடுத்தால் பேட்டரி. அதிலிருந்து வரும் ஒயர்களின் முனையில் இருக்கும் சிறிய கனெக்டர் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மகள் விரல் நுனியால் அதை அழுத்தினாள். ‘டிக்’ என்று உட்கார்ந்தது.

கருவி உயிர்பெற்றது. தீவு வந்தது. அப்பாவின் வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அழுதாள், நானும்தான்.

ஈரம் பட்ட அடையாளம் எங்கேயும் இல்லை. பேட்டரியைச் சரியாக மாட்டாமல் விட்டுவிட்டு 9,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். அது கவனக்குறைவா, திட்டமா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நான் சரி என்றிருந்தால், எங்கள் நல்ல போர்டு அவர்கள் கையில் இருந்திருக்கும். அடுத்து வருகிறவருக்கு அதையே 9,500-க்குப் போட்டிருக்கலாம்.

இடப்பக்க ஸ்டிக் மட்டும் அப்போது வேலை செய்யவே இல்லை. வேறொரு பகுதியில் நுண்ணோக்கி வைத்து வேலை செய்யும் ஒருவரிடம் போனோம். திறப்பதற்கு முன்பே வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, நாலா பக்கமும் படம் எடுத்து, ரசீது கொடுத்தார். ஸ்டிக்கிலிருந்து போர்டுக்குப் போகிற ரிப்பன் என்ற தட்டை ஒயரைப் பிடித்துக்கொள்ள ஒரு கறுப்புத் தாழ்ப்பாள் இருக்கும், அரிசிமணியை விடச் சிறியது. அதை நகத்தால் நிமிர்த்திய பிறகே ரிப்பனை உருவ வேண்டும். முதல் கடைக்காரர் அப்படியே இழுத்திருக்கிறார், தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் மஞ்சள் நாடா ஒட்டி மறைத்திருந்ததை அவர் நுண்ணோக்கியில் காட்டினார். கனெக்டர், புது ஸ்டிக், கூலி எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய்.

ஸ்டிக் மாற்றுவதை மட்டும் நீங்களே வீட்டில் செய்திருக்கலாம் என்றார் அவர். நானும் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். கருவியை உறக்க நிலையில் விடாமல் முழுதாக அணைத்துவிட்டு, திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டால் பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். மாட்டி முடித்ததும் அமைப்புகளில் ஸ்டிக்கை அளவுதிருத்தம் செய்ய வேண்டும். சில நேரம் அதை மட்டும் செய்தாலே கோளாறு கொஞ்ச நாள் அடங்கும், ஆகவே திறப்பதற்கு முன் அதைச் செய்து பாருங்கள். ஆனால் பற்றவைக்கிற வேலை எதையும் வீட்டில் தொடாதீர்கள். கனெக்டரும் சார்ஜிங் துளையும் சாதாரணப் பற்றவைப்புக் கோலுக்குள் அடங்குகிற வேலை இல்லை. ஒட்டியிருக்கும் பேட்டரியை இரும்புக் கம்பியால் நெம்பவும் கூடாது, துளைபட்டால் தீப்பிடிக்கும்.

கடையில் கொடுப்பதாக இருந்தால் முதலில் மெமரி கார்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். கருவியின் வெளியே ஒட்டியிருக்கும் வரிசை எண்ணையும், அமைப்புகளுக்குள்ளே காட்டும் வரிசை எண்ணையும் படம் எடுத்து வையுங்கள். போர்டை மாற்றினால் உள்ளே காட்டும் எண் மாறிவிடும், வெளியே இருப்பது மாறாது.

ரசீதுக்காகச் சண்டையே போடுங்கள். சேவைக்குப் பில் தராமல் இருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. நானும் அழைத்தேன். கடையில் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ‘37’ என்று எழுதிய ஒரு துண்டுச்சீட்டு. பணமாகக் கொடுத்த 500 ரூபாய்க்கு அதுவும் இல்லை.