வண்டிகள் முன்னாலா, பின்னாலா? செங்கோட்டைச் சாலையோர வணிகக் கட்டடத்துக்கு மூன்று மனை அமைப்புகள்

திருமங்கலத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், புளியரைச் சோதனைச் சாவடியை நோக்கிய பகுதியில் வயலை ஒட்டிய நிலங்கள் கடைகளுக்கான மனைகளாகி வருகின்றன. இத்தகைய மனைக்கு ஒரு வணிகக் கட்டட வரைபடம் பரிசீலனைக்கு வரும்போது, மாடி எத்தனை, உயரம் எவ்வளவு என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. கட்டடம் மனையில் எந்த இடத்தில் நிற்கிறது, வண்டிகள் எங்கே நிற்கின்றன, மழைநீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்னும் கேள்விகளே சாலைக்கும் அக்கம்பக்கத்து வயல்களுக்கும் முக்கியமானவை என்பதால், அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கமாக முன்வைக்கப்படும் மூன்று அமைப்புகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

கணக்குக்காக ஒரு மனையை வைத்துக்கொள்வோம். சாலையோரம் 40 மீட்டர் அகலம், உள்ளே 60 மீட்டர் நீளம்; பின் எல்லையை ஒட்டி ஒரு பாசன வாய்க்கால். பரப்பு 2,400 சதுர மீட்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனையில் பொதுத் திறந்தவெளிக்கென நிலம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தளப்பரப்புக் குறியீடு (எல்லா மாடிகளின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு இருக்கலாம் என்னும் அளவு) பொதுவாக 2 என்பதால், 4,800 சதுர மீட்டர் வரை கட்ட இடமுண்டு. 18.30 மீட்டர் உயரத்துக்குள் இருந்தால் அது அடுக்குமாடி உயரக் கட்டடம் என்ற வகைக்குள் வராது. ஆக, மூன்று அமைப்புகளுமே விதிக்கு உட்பட்டு வரையக்கூடியவை. விதிக்கு உட்பட்டது என்பதற்காக ஊருக்கும் உகந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால்தான் இந்த அலசல் தேவைப்படுகிறது.

முதல் அமைப்பில் கட்டடம் பின்னால் தள்ளி நிற்கிறது; முன்னால் ஏறக்குறைய 30 மீட்டர் ஆழத்துக்கு வாகன நிறுத்துமிடம். இரண்டாவதில் கட்டடம் சாலைப் பக்கம் உரிய முன் இடைவெளியை விட்டு நிற்கிறது. ஒரு பக்கம் 7 மீட்டர் அகலப் பாதை, பின்னால் வாகன நிறுத்துமிடம். ஒரு காருக்குரிய இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்து, வண்டி திரும்பும் பாதையையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டிலும் நிற்கக்கூடிய கார்களின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு வருவதில்லை. ஆகவே "முன்னால் விட்டால்தான் நிறைய வண்டி நிற்கும்" என்னும் வாதத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

முதல் அமைப்பை வியாபாரிகள் விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. குற்றாலத்தில் சாரல் காலத்திலும், கார்த்திகை முதல் தை வரையிலான சபரிமலைப் பருவத்திலும், இந்தச் சாலையில் வருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். வண்டியை நிறுத்த இடமிருப்பது கண்ணில் பட்டால்தான் அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள். இரவில் குடும்பத்தோடு வருகிறவர்கள் கட்டடத்துக்குப் பின்னால் போய் வண்டியை நிறுத்தத் தயங்குவதும் உண்மையே.

ஆனால் அந்த வசதிக்கான விலையைச் சாலையோர வடிகால் கொடுக்கிறது. முன்பகுதி முழுவதும் வண்டிகளுக்கென்று ஆனபின், எந்த இடத்திலும் ஏறி இறங்கலாம் என்பதற்காக 40 மீட்டர் நீளத்துக்கும் வடிகாலின் மேல் கான்கிரீட் பலகை போட்டு மூடிவிடுகிறார்கள். தூர்வாரத் திறப்பு விடுவதில்லை; விட்டாலும், வண்டி ஏறி உடைந்த மூடியின் மேல் ஜல்லியைக் கொட்டி அடைத்துவிடுகிறார்கள். மலையிலிருந்து வரும் மழைநீர் மணலையும் சருகையும் கூட்டிக்கொண்டு வந்து அந்த இருட்டுக்குள் படியவைக்கும்போது, அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல வழியே இல்லை. போதாக்குறைக்கு, முன்பகுதியின் சிமென்ட் தளம் சாலையை நோக்கியே சரிவு கொடுக்கப்படுகிறது. 1,200 சதுர மீட்டர் தளத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன் அளவு 60,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் ஐந்து நிறையும் அத்தனை நீரும் அடைபட்ட வடிகாலைத் தேடித்தான் வருகிறது. ஐப்பசியில் சாலையில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு மழையை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

கழிவுநீர்த் தொட்டியின் இடமும் கவனிக்கத்தக்கது. முன்னால் வண்டிகள், நடுவில் கட்டடம் என்று வரைந்தபின் தொட்டிக்கு மிஞ்சுவது பின் எல்லையிலுள்ள குறுகிய இடைவெளிதான். அதாவது, பாசன வாய்க்காலின் கரை. வரைபடத்தின் மூலையில் சிறிய கட்டமாகத் தெரியும் இதைப் பரிசீலிப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இரண்டாவது அமைப்பில் வடிகாலின் மேல் 7 மீட்டர் அகலத்துக்கு ஒரே ஒரு பாலம் போதும். மீதி 33 மீட்டரும் திறந்தோ, எளிதில் தூக்கக்கூடிய மூடிகளோடோ இருக்கும். பேருந்திலிருந்து இறங்கி வருகிறவர், பின்னோக்கி வரும் கார்களுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி நடக்காமல், நேரே கடை வாசலை அடையலாம். 12 அடிக்கு 1 அடி ஏற்றம் என்ற கணக்கில் சாய்தளம் அமைத்தால், சக்கர நாற்காலியில் வருகிறவரும் உதவியின்றி உள்ளே போகலாம். முதல் அமைப்பில் அதே சாய்தளம் தொடங்கும் இடத்தில் இருசக்கர வண்டிகள் வரிசையாக நிற்பதைத் தடுப்பது மிகக் கடினம். மேற்கே ஆரியங்காவுக் கணவாயிலிருந்து காற்றோடு சேர்ந்து சாய்வாக வரும் சாரலுக்கு, கடை வரிசையின் முன்னால் அகலமான தாழ்வாரம் ஒன்று இருப்பது வாடிக்கையாளருக்கும் சரக்குக்கும் பாதுகாப்பு.

இதன் பலவீனம் அந்தப் பக்கப் பாதையில் இருக்கிறது. சரக்கு இறக்க வரும் லாரியும் வெளியேறும் காரும் அங்கே எதிரெதிரே சந்தித்தால் வரிசை நெடுஞ்சாலை வரை நீளும். கேரளத்துக்குச் சரக்கேற்றிப் போகும் கனரக வண்டிகள் ஓடும் சாலையில் அது ஆபத்து. லோடு இறக்கும் நேரத்தைக் காலை, இரவு என்று வரையறுப்பதும், பாதையில் இருசக்கர வண்டிகளை அறவே தடுப்பதும், பின்பகுதி முழுவதும் விளக்கு போடுவதும் இதற்கு இன்றியமையாதவை. பின்பக்கத் தளத்தை வாய்க்காலை நோக்கிச் சரித்து, எண்ணெய் கலந்த நீரை அப்படியே பாசனத்தில் விடவும் கூடாது. இடைவெளி விட்டுப் பதித்த பேவர் கற்கள், வண்டல் படியும் தொட்டி, அதன்பின் நீர் உறிஞ்சும் குழி என்ற வரிசை வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதலே தமிழ்நாட்டில் கட்டாயம் என்பதால், இதைக் கூடுதல் சுமையாகக் கட்டுபவர் கருத இடமில்லை.

மூன்றாவது, தரைத்தளத்தைத் தூண்களோடு விட்டு வண்டிகளை அதற்குள் நிறுத்துவது. நிலம் மிகக் குறைவாக உள்ள பஜார் பகுதிக்கு அது பொருந்தலாம். இங்கே தரைத்தளக் கடைகள்தான் வாடகை தருபவை. நாளடைவில் தூண்களுக்கிடையே ஷட்டர் ஏறி, வண்டிகள் சாலைக்கு வந்துவிடும். இந்த மனைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

என் தேர்வு இரண்டாவது அமைப்பு. முதல் அமைப்பின் ஒரே உண்மையான பலமான "கண்ணில் படுவது" என்பதை, பாதையின் வாயிலில் தெளிவான பலகை வைத்தும், மாற்றுத்திறனாளிகளுக்கான இரண்டு இடங்களை மட்டும் முன்பக்கம் ஒதுக்கியும் பெருமளவு ஈடுகட்டிவிடலாம். ஆனால் நிபந்தனைகள் வாய்ப்பேச்சாக நின்றுவிடாமல் வரைபடத்திலேயே எழுதப்பட வேண்டும்: பாலத்தின் அகலம், வடிகால் மூடிகளின் வகை, தளத்தின் சரிவு காட்டும் அம்புக்குறிகள், கழிவுநீர்த் தொட்டிக்கும் வாய்க்காலுக்கும் உள்ள தூரம். தேசிய நெடுஞ்சாலையிலிருந்து மனைக்குள் நுழைய, 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் (நிலம் மற்றும் போக்குவரத்து) கட்டுப்பாட்டுச் சட்டப்படி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி தனியே தேவை. அந்த அனுமதிக்குக் கொடுக்கும் வரைபடமும், நகர் ஊரமைப்புத் துறைக்குக் கொடுக்கும் வரைபடமும் ஒன்றேதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வாய்க்காலின் அகலத்தை விண்ணப்பதாரரின் வரைபடத்திலிருந்து எடுக்காமல், வருவாய்த் துறையின் புலப்படத்திலிருந்து (நில அளவை வரைபடம்) எடுத்து, இடத்தில் நாடா பிடித்து அளந்து பார்த்த பிறகே பின் எல்லைக் கல்லை ஊன்ற அனுமதிக்க வேண்டும்.